மூன்றாம் தளத்துச் சுவரை உடைத்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சௌகரியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், தங்கள் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்ட எங்கள் மகளும் எங்களைவிடச் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும். குறையாவிட்டால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே படிக்கவும்.

நான் பராமரிப்புப் பார்க்கும் நாலடுக்குக் கட்டடத்தைக் கட்டியது எங்கள் சம்பந்தியின் நிறுவனம் என்று வாசலில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். ஒப்படைத்த அன்று, வரைபடச் சுருள்களை வாங்கிக்கொள்ளப் பெரிய பையோடு வந்து நின்றேன். தாங்கள் சிரித்துக்கொண்டே ஒரு டேப்லெட்டை என் கையில் வைத்து, "கட்டடமே இதுக்குள்ள இருக்கு சம்பந்தி. எந்தக் குழாய் எங்க ஓடுது, எந்த விளக்கு எப்ப மாட்டினது, எது பழுது, எல்லாம் இதுவே சொல்லும். நீங்க கேட்டு நடந்தா போதும்" என்றீர்கள். நானும் கேட்டு நடந்தேன். நடந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன், கோபமே இல்லாமல். பெண்ணைக் கொடுத்த இடத்தில் கோபப்படக் கூடாது என்று என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் வாரமே இரண்டாம் தள நடைவழியில் விளக்கு போய்விட்டது என்றது டேப்லெட். எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி நின்று, "சார், பளிச்சுன்னு எரியுதே?" என்றார். "அது சொல்லுதுல்ல? கழட்டுங்க" என்றேன். நன்றாக எரிந்த விளக்கைக் கழற்றிப் புதிது மாட்டினோம். மறுநாளும் அதே புகார், மறுபடியும் புது விளக்கு. இதற்கிடையில் முதல் தளத்துத் தையல்கார அம்மா, வழியெல்லாம் இருட்டு, சுவரைத் தடவித்தடவி வருகிறேன் என்று வந்து நின்றார். முதல் தளத்தில் எந்தக் குறையும் இல்லை என்று டேப்லெட்டையே காட்டி அனுப்பிவைத்தேன்.

அடுத்து, நான்காம் தளத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏசி போதவில்லை என்றது. தரைத்தளமும் அதற்கு மேல் மூன்றும்தானே, நமக்கு ஏது நான்காம் தளம்? மொட்டைமாடியைத்தான் மரியாதையாகச் சொல்கிறது போலும் என்று மூச்சு வாங்க ஏறினோம். தண்ணீர்த் தொட்டி மேல் மூன்று புறாக்கள். "கணக்கு சரிதான் சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

இதெல்லாம் போகட்டும். திங்கட்கிழமை காலை தையல்கார அம்மாவின் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டி, தைத்து முடித்த பதினோரு கோட்டுகளும் ஊறிப்போயின. டேப்லெட்டைத் திறந்தேன். மூன்றாம் தளம், கிழக்குச் சுவர், மூடிப் பலகைக்குப் பின்னால் வால்வு என்று படம் போட்டுக் காட்டியது. ஓடினோம். பிளம்பர் சுவரை மேலும் கீழும் பார்த்து, "பலகையே காணோமே சார்" என்றார். "பூசி மறைச்சிருப்பாங்க, உடைங்க!" என்றேன். உடைத்தார். வால்வு இல்லை. இன்னும் உடைத்தார். சுத்தியல் அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் பல் மருத்துவர்! நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஒருவர். அவர், "டாக்டர், இதுவும் என் பல்லுக்கா?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. மருத்துவர் ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "உள்ள வரணும்னா கதவு இருக்குங்க" என்றார் நிதானமாக. கடைசியில் மொட்டைமாடித் தொட்டியையே அடைத்தோம். சாயங்காலம் வரை கட்டடம் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாவம், அந்த மனிதர் வாய் கூடக் கொப்பளிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

நாளை உரிமையாளர்கள் கூட்டம். இந்த டேப்லெட்டும் தங்கள் நிறுவனமும் தொடர வேண்டுமா என்று என்னைத்தான் கேட்கப்போகிறார்கள். மனசாட்சிப்படி, வேண்டாம், பழையபடி காகிதமே போதும் என்று சொல்லுவதாக இருக்கிறேன். உறவு வேறு, உத்தியோகம் வேறு என்று தாங்கள் பெரிய மனதோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த விவரங்களை ஏற்றிய புண்ணியவானை ஒரு நாள் என் கண்ணில் காட்டுங்கள். கண்ணைத் திறந்துகொண்டுதான் ஏற்றினாரா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். குழந்தைகள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்தாலும் மரியாதை மாறாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று கடிதத்தை வாங்கிய என் மனைவி, "ஏங்க, நாம தரைத்தளம்னு சொல்றத அந்த டேப்லெட் என்னன்னு சொல்லுது?" என்று கேட்டாள். திறந்து பார்த்தேன். தளம் ஒன்று என்றிருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அப்போதும் ஒன்றுதான். அவள் பேனாவை என் பக்கம் நகர்த்திவைத்தாள். பிளம்பரைப் போனில் பிடித்து நம் இரண்டாம் தளத்துக்கு ஓடச் சொன்னேன். "பலகை இருக்கு சார், வால்வும் இருக்கு, சிவப்பு அட்டைகூடத் தொங்குது" என்கிறார். ஆகவே, டேப்லெட் சொன்னதாக மேலே எழுதியதையெல்லாம் ஒரு தளம் கழித்துப் படித்துக்கொள்ளவும். நாளைக் கூட்டத்தில் தங்கள் நிறுவனத்தைப் பற்றி நான் புகழ்ந்து பேசப்போவதைக் கேட்டால் தங்களுக்கே கூச்சமாக இருக்கும். பல் மருத்துவர் வேறு, நல்ல காற்று வருகிறது, ஓட்டையை மூடாமல் ஜன்னலாகவே வைத்துக்கொடுங்கள் என்கிறார். புது ஜன்னலை டேப்லெட்டில் எப்படி ஏற்றுவது என்று தயவுசெய்து எழுதவும். எந்தத் தளம் என்பதை மட்டும் என் மனைவியிடமே கேட்டுக்கொள்கிறேன்.