மருமகன் மீன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீனை நான் பிடித்தேன். என் தூண்டிலில், என் கையால், பட்டப்பகலில், தாமிரபரணியில். இந்தக் கதையை ஏரலில் யார் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிரிப்பு வரும் இடங்களில் மட்டும் நின்று நிதானமாகச் சொல்கிறார்கள். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலி டவுன்காரன். எங்கள் வீடு சைவம். முட்டை விற்கிற கடையில் தீப்பெட்டி வாங்கக்கூட என் அம்மா யோசிப்பாள். என் மனைவி செல்வி ஏரல் பெண். ஆற்றங்கரையில் வாழை போட்டிருக்கும் குடும்பம். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகி, நாங்களே முடிவு செய்த கல்யாணம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் புகைந்து அடங்கியது. அடங்காமல் மிச்சமிருந்தது ஒன்றுதான்: மாமனார் என்னோடு பேசவில்லை.

சண்டை கிடையாது. மரியாதையில் குறை கிடையாது. நான் போனால் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போடுவார். ஆனால் வார்த்தை மட்டும் வேறு யார் வழியாகவாவதுதான் வரும். "செல்வி, அவுகளுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் மீன் குழம்பு. எனக்கு மட்டும் தனி அடுப்பில், தனிச் சட்டியில் பருப்புக் குழம்பு. பந்தியின் கடைசியில், சுவரோரமாக என் இலை. (தொற்று நோய்க்காரனைப் போல என்று எழுதப் போனேன், அத்தை இதைப் படிப்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.) ஏன் என்னோடு பேசுவதில்லை என்று செல்வி கேட்டதற்கு, மீன் ருசி தெரியாத மனுசன்ட்ட என்னத்தப் பேச என்றாராம்.

நான் ஒழுங்கான ஆள். சட்டைப் பொத்தான் விழுந்தால் அன்றே தைப்பேன். குழாய் சொட்டினால் அன்றே ஆள் வரும். மாமனார் பேசாததும் எனக்கு ஒரு சொட்டும் குழாய்தான். காரணம் மீன் என்று தெரிந்துவிட்டது. மீன் சாப்பிடுவது நடக்காத காரியம். ஆனால் மீன் பிடிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. (அப்படி ஒருவன் கேட்பான் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அம்மா, நீ இதைப் படித்தால், இது வேறொருவர் கதை.)

கல்யாணமான முதல் கோடை. பங்குனி முடிகிற சமயம். ஆற்றில் தண்ணீர் வற்றி, கசம் என்று சொல்கிற ஆழமான பள்ளங்களில் மட்டும் தேங்கி நின்றது. கசத்தில் விரால் கிடக்கிறது என்று வீட்டில் பேச்சு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் வாங்க வேண்டாம், நான் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று அத்தையிடம் அறிவித்தேன்.

அம்மிச் சத்தம் நின்றது. மாமனார் தன் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே சுடலை, அவுக மீன நேர்ல பாத்திருக்காகளான்னு கேளு."

இதற்குப் பிறகு எப்படிப் பின்வாங்குவது? நீங்களே சொல்லுங்கள்.

வாரம் முழுவதும் கைப்பேசியில் மீன் பிடிக்கும் காணொளிகள் பார்த்தேன். மடக்குகிற தூண்டில் கம்பு வாங்கினேன். முள், தக்கை, நரம்பு எல்லாவற்றையும் அறை அறையாகப் பிரித்த ஒரு டப்பாவில் அளவு வாரியாக அடுக்கினேன். இரைதான் சிக்கல். மண்புழுவைத் தொட மனம் வரவில்லை. வாசனையான இரை எதுவும் ஆகும் என்று ஒருவர் காணொளியில் சொன்னார். மைதா மாவில் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டுப் பிசைந்து, ஒரே அளவில் உருட்டி வைத்தேன்.

ஞாயிறு காலை தேய்த்த சட்டை, தொப்பி சகிதம் மச்சினன் சுடலையின் பைக்கில் ஏறிப் போனேன். அவன் பஜாரில் பைக் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அக்கா சொன்னாள் என்பதற்காக என்னைக் கூட்டிப்போனான். ஆற்றங்கரையில் என் உருண்டைகளை மோந்து பார்த்தான்.

"அத்தான், ரசம் வைக்கவா வந்திருக்கிய? விரால் உசுரோட அசையுற தவக்களையத்தான் புடிக்கும். மாவெல்லாம் திங்காது."

தவளையைக் குத்துவது பாவம் என்றேன்.

"மீனக் குத்துனா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் அப்போது தக்கையைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

வெயில் ஏறியது. சுடலை மருத மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிப்போனான். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், மீன் பிடிக்கத் தேய்த்த சட்டை போட்டு வந்தவனைப் பற்றி என் காதுபடவே பேசினார்கள். நான் தக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அசைந்தது. பிறகு காணாமல் போனது.

அடுத்து நடந்ததைச் சுடலை சொன்னால் நான் ஆற்றில் விழுந்தேன் என்பான். விழவில்லை. மீன் இழுத்தது, நான் இறங்கினேன். தொப்பி ஒரு பக்கம் போனது, செருப்பு ஒரு பக்கம் போனது, வாயில் தண்ணீர் போனது. கம்பை மட்டும் விடவில்லை. கரைக்கு இழுத்துப் போட்டபோது முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது: கறுப்பாக, வழுவழுவென்று, தட்டைத் தலையில் நீள நீளமான மீசையோடு. துவைத்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சுடலை மீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அத்தான், இது வந்து..." என்றவன் நிறுத்திக்கொண்டு, "கெளுத்திதான். பெருசு" என்றான். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டேன். நீங்க அம்புட்டு சந்தோசமா நின்னியளா, மனசு வரல அத்தான் என்றான். இன்றுவரை அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

குறுக்கு வழியில் போகலாம் என்றான் சுடலை. பஜார் வழியாகத்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பின் சீட்டில் ஈரச் சட்டையோடு, வாளியை மடியில் வைத்துக்கொண்டு, மீசை வெளியே தெரியும்படி உட்கார்ந்து போனேன். வழியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். குழம்புக்கு என்றேன். நல்லா இருங்க என்றார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மருமகன் மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்ற செய்தி பரவி, அத்தையின் தங்கையான செல்வியின் சித்தியும் குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தேங்காய் அரைத்தாயிற்று. புளி கரைத்தாயிற்று. மண்சட்டியில் மசாலா கொதித்துக்கொண்டிருந்தது. மீன் விழ வேண்டியதுதான் பாக்கி. முற்றத்து நடுவில் வாளியை இறக்கி வைத்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தார்கள். பின்னால் ரெண்டு எட்டு வைத்தார்கள்.

"ஆத்தாடி, இது ஆப்பிரிக்கக் கெளுத்தில்லா. இதப் போயி யாராச்சும் திம்பாகளா?"

அப்போதுதான் எனக்குப் பாடம் நடந்தது. இது நம் ஊர் மீன் அல்ல. யாரோ திருட்டுத்தனமாகக் குட்டையில் வளர்த்தது, வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்கு வந்துவிட்டது. கோழிக் கழிவு போட்டு வளர்ப்பார்கள். ஆற்று மீன் குஞ்சுகளையெல்லாம் தின்றுவிடும். வளர்க்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. அந்த வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அதாவது, மீன் தின்கிற ஊரில், மீனே தின்னாத நான், மீன் தின்கிறவர்களும் தின்னாத மீனாகப் பார்த்துப் பிடித்திருந்தேன். மைதாவுக்கும் பெருங்காயத்துக்கும் வாய் திறக்கிற மீன் வேறு எதுவாக இருக்க முடியும்?

மணி மதியத்தைத் தாண்டிவிட்டது; சந்தையில் மீன் தீர்ந்திருக்கும். மறுபடி ஆற்றில் விட்டுவிடலாம் என்றான் சுடலை. விரால் குஞ்சுகளைத் தின்கிற மீனை மறுபடி ஆற்றில் விடுவது தப்பு என்று நான் மறித்தேன். அப்படியானால் நீங்களே வெட்டுங்கள் என்றார்கள். என்னால் முடியாது. சித்தி, அரிவாள்மனையில் அதை வைக்கவே விடமாட்டேன் என்றுவிட்டார். விடவும் முடியாமல், வெட்டவும் முடியாமல் எல்லாரும் வாளியைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது, சம்பந்தப்பட்ட மீனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே துள்ளு. வாளி கவிழ்ந்தது. தண்ணீர் இல்லாமலும் சாகாத ஜாதி அது. நெளிந்து நெளிந்து முற்றத்தைக் கடந்து, நேராக மாமனாரின் நாற்காலிக்கு அடியில் போய் நுழைந்தது.

குழந்தைகள் கட்டிலில் ஏறினார்கள். மாமனார் இரண்டு காலையும் நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டார். செல்வியைத் தேடினார், அவள் அடுக்களைக்குள். சுடலையைத் தேடினார், அவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மற்ற பெரியவர்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடியிருந்தார்கள். என்னைப் பார்த்தார்.

"மருமவனே, பாத்துக்கிட்டே நிக்கீரு? புடியும் வே."

ஈரச் சட்டையைக் கழற்றி மீன்மேல் போட்டு அமுக்கிப் பிடித்தேன். ஒரே மீனை ஒரே நாளில் இரண்டு தடவை பிடித்தவன் அந்த ஊரில் வேறு எவனாவது இருந்தால் வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

சுடலை அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. வாழைக்கு உரமாயிற்று என்று பிறகு காதில் விழுந்தது. அவன் திரும்பி வரும்போது ஒரு சீப்பு வாழைக்காயோடு வந்தான். அத்தை அதை மீன் துண்டு மாதிரியே குறுக்காக, சாய்வாக நறுக்கிக் கொதிக்கிற மசாலாவில் போட்டார்கள். மாங்காயும் போட்டார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சட்டி. என் இலையை எங்கே போடுவது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாமனார் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

அவர் ஒரு துண்டை எடுத்து மென்றார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

"மருமவனே, நீரு புடிச்ச மீனு நல்லாத்தான் இருக்கு. முள்ளுதான் இல்ல."

சித்திக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு அந்தப் பந்தியில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வருடங்கள் ஆகிவிட்டன. ஏரல் வீட்டில் வாழைக்காய்ப் புளிக்குழம்புக்கு இன்று வேறு பெயர் கிடையாது: மருமகன் மீன். என் மகள் நெடுநாள் அது உண்மையான மீன் வகை என்றே நம்பி, பள்ளிக்கூடத்தில் ஆற்று மீன்களின் பெயர் கேட்டபோது விராலுக்கு அடுத்து அதைச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் குழம்பு வைக்கிற நாளில் மாமனார் தவறாமல் எனக்குப் போன் போடுகிறார். செல்விக்கு அல்ல, எனக்கு. இன்னைக்கு உம்ம மீனுதான், கெளம்பி வாரும் என்கிறார்.

போகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்: நான் பிடித்தது வாழைக்காய் இல்லை.