தூங்கும் தவளைக்கு முகூர்த்தம்

ஜவ்வாது மலையில இருக்கற புதூர்நாட்டுக்குப் போய் ஒரு பானை தவளை எடுத்துட்டு வரணும். அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளோட ஆரம்பம். வேலூர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல விலங்கியல் லேப்ல நான் தற்காலிக உதவியாளன். நாலு வருசமா தற்காலிகம். கண்ணாடிப் பொட்டியில நின்னுக்கிட்டிருந்த எலும்புக்கூடு கூட காலேஜுக்கு நிரந்தரச் சொத்து. நான் இல்ல!

எங்க புரொபசருக்கு வாழ்க்கையில ஒரே ஒரு கேள்விதான். அந்த மலையில ஒரு வகை குண்டுத் தவளை இருக்கு. கோடை வந்தா மண்ணைத் தோண்டிக்கிட்டு உள்ள போய்ப் படுத்துடும். சோறு கிடையாது, தண்ணி கிடையாது, மாசக்கணக்கா தூக்கம். மழை விழுந்ததும் எழுந்து வந்து, நேத்துதான் படுத்த மாதிரி கத்த ஆரம்பிச்சிடும்.

"தூங்கின அத்தனை மாசமும் அதுக்கு வயசு ஏறுதா, இல்லையா?" இதுதான் சாரோட கேள்வி. ஏறலைன்னா, அது எப்படின்னு மனுசனுக்கும் கண்டுபிடிச்சுடலாமாம். சாருக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கிக்கிட்டு இருந்ததால கொஞ்சம் அவசரமாவே தேடிக்கிட்டு இருந்தாரு.

"தூங்குற தவளை தூங்கினபடியே வந்து சேரணும்ப்பா. தண்ணி படக்கூடாது. வெளிச்சம் படக்கூடாது. குலுங்கவே கூடாது. நீ மட்டும் கொண்டுவந்து வச்சிடு, உன் பர்மனன்ட் ஆர்டருக்கு நான் பொறுப்பு" ன்னாரு.

குலுங்காம ஜவ்வாது மலையில இருந்து ஜீப்புல எறங்கணுமாம்! மனுசன் ஒரு தடவை கூட மலைக்குப் போனதில்லைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது.

தவளை தோண்டிக் குடுத்தவர் பேரு சின்னப்பையன். வயசு எழுபதாவது இருக்கும். காஞ்சு வெடிச்சுக் கெடந்த குட்டையில கடப்பாரையைப் போட்டுத் தோண்டி, மண்ணுருண்டை மண்ணுருண்டையா எடுத்து வச்சாரு. ஒவ்வொரு உருண்டைக்குள்ளயும் ஒரு தவளை, கண்ணை மூடிக்கிட்டு நிம்மதியா. எனக்குப் பொறாமையா இருந்தது.

"இத இன்னாத்துக்கு சார் தூக்கினு போற? வறுத்துத் துன்றதுக்கா?"

"இல்லைங்க. தூங்குறப்ப இதுக்கு வயசாகுதான்னு பாக்கறதுக்கு."

என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "உனுக்குக் கல்யாணம் ஆய்டுச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"அதான்" ன்னுட்டு கடப்பாரையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போய்ட்டாரு.

தவளைங்களைக் காஞ்ச மண்ணோட பானையில அடுக்கி, வாயைத் துணியால கட்டி, ஆளும் மூட்டையும் ஏத்திக்கிட்டு எறங்குற வாடகை ஜீப்புல மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் எழும்பி எழும்பி, பானையை மட்டும் அந்தரத்துலயே புடிச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல இருந்த அம்மா, "உள்ள இன்னாங்க?" ன்னாங்க. "தூங்குதுங்க, மெதுவாப் பேசுங்க" ன்னேன். அந்த அம்மா அப்படியே நகர்ந்து புளி மூட்டை மேல போய் உக்காந்துக்கிட்டாங்க.

பாதி வழியில ஒரு ஊர்கிட்ட ஜீப் பொகை விட்டு நின்னுடுச்சு. ரேடியேட்டர்ல தண்ணி இல்ல. டிரைவர் தகர டப்பாவைத் தூக்கிக்கிட்டு எறங்கினாரு. நானும் பானையோட எறங்கினேன்.

எறங்காம இருந்திருக்கலாம்.

அந்த ஊர்ல பந்தல் போட்டிருந்தது! மாவிலைத் தோரணம், மேளம், அடுப்புல சாமைச் சோறு. ஆனா ஒருத்தர் மொகத்துலயும் கல்யாணக் களை இல்ல. நடுவுல முனியம்மான்னு ஒரு அம்மா, மஞ்சக் கயித்தைக் கையில புடிச்சுக்கிட்டு எல்லாரையும் திட்டிக்கிட்டு இருந்தாங்க.

"யாருக்குங்க கல்யாணம்?" ன்னு கேட்டேன். சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்?

"தவக்களைக்கு! மூணு போகமா மழையக் காணோம். தவக்களைக்குக் கல்யாணம் பண்ணி வச்சாதான் மழை வரும். சமையல் ஆயிப்போச்சு, மேளக்காரன் வந்துட்டான். ஒரு தவக்கள கெடைக்கல சார்! காலைலேர்ந்து தேடுறாங்க. எல்லாம் மண்ணுக்குள்ள எங்க போய்ப் பூந்துக்கிச்சோ!"

நான் பானையை மெதுவா முதுகுக்குப் பின்னால கொண்டு போனேன்.

"அட, சாரு பானை நெறய அதான கீது!" ன்னாரு டிரைவர். பாவி, தண்ணி கிடைக்கணுமேன்னு என்னை வித்துட்டான்.

அவ்வளவுதான்! மேளம் தட்டினாங்க. முனியம்மா ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாங்க. "பொண்ணு மாப்பிள்ள ரெண்டும் ஜீப்பு வச்சினு வந்து எறங்கிக்கீதுடியோவ்!"

"அம்மா, அதெல்லாம் காலேஜ் சொத்து. தூங்குதுங்க. எழுப்பக் கூடாது!"

"முகூர்த்தத்துக்கு எழுப்பாம? எந்த ஊர்ல மாப்பிள்ளையத் தூங்க வுட்டுத் தாலி கட்றாங்க?"

நான் சாரோட ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னேன். தூங்கிக்கிட்டே இருந்தா வயசாகாம இருக்கலாம்னு விளக்கினேன். முனியம்மா பந்தல் மூலையைக் கை காட்டினாங்க. அங்க ஒருத்தர் துண்டை விரிச்சுக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு.

"எங்க வூட்டுக்காரரு. கண்ணாலம் ஆன நாளா தூங்குறாரு. கெழவனாத்தான் ஆயிக்கீறாரு. போய் உங்க சார்கிட்ட சொல்லு!"

நான் பானை வாய்த் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினேன். சார் இந்தப் பரிசோதனையைப் பண்ணினதில்ல.

கடைசில பேரம். ஒரு ஜோடி தவளை குடுத்தா ரேடியேட்டருக்குத் தண்ணி. இல்லைன்னா ஜீப்பு இங்கயே நிக்கும், நானும் இங்கயே நிப்பேன். குடிக்கவே தண்ணி இல்லாத ஊரு, அதுக்கு மேல நான் எந்த மொகத்தை வச்சுக்கிட்டுப் பேசுறது? ரெண்டு போனாலும் மிச்சம் தூங்குதே, ஆர்டர் வந்துடும்னு மனசைத் தேத்திக்கிட்டு ரெண்டு உருண்டையை எடுத்துக் குடுத்தேன்.

"இதுல எது ஆம்பள? நீதான் படிச்சவனாச்சே!"

எல்லாரும் என் வாயையே பாத்தாங்க. விலங்கியல்ல நான் தேர்டு கிளாஸ்ல பாஸ் பண்ணவன்னு அந்த எடத்துல எப்படிச் சொல்றது? "பெருசா இருக்கே, அதான் மாப்பிள்ளை" ன்னேன், கம்பீரமா.

மஞ்சத் தண்ணி ஊத்தினாங்க. மண்ணு கரைஞ்சது. மாப்பிள்ளை ஒரு கண்ணைத் தொறந்து பாத்தாரு. பாத்துட்டு மறுபடி மூடிக்கிட்டாரு. விவரமான ஆளு.

மேளச் சத்தத்துல மிச்சத் தவளையும் எழுந்துடுமோன்னு எனக்குப் பயம். சட்டையைக் கழட்டிப் பானையைச் சுத்தி, அதைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். வெத்து ஒடம்போட ஒருத்தன் பந்தல்ல உக்காந்தா விடுவாங்களா? நெஞ்சு முதுகெல்லாம் சந்தனத்தைப் பூசித் தோள்ல ஒரு துண்டைப் போட்டுட்டாங்க.

"பொண்ணு எங்க மண்ணுல பொறந்தவ. அதனால நாங்க பொண்ணு வூடு. நீ வெளியூரு, நீ மாப்பிள்ள வூடு" ன்னாங்க முனியம்மா. "கூறப்பொடவ எங்க சம்பந்தி?"

எனக்கு இன்னும் பொண்ணே பாக்கல. அதுக்குள்ள சம்பந்தி ஆயிட்டேன்! கூறைப்புடவைக்கு என் கைக்குட்டையைக் குடுத்தேன். அதுல ஓரத்துல கிழிசல்னு பொண்ணு வூட்டுப் பொம்பளைங்க ஒரு பாட்டம் குறை சொன்னாங்க. தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளை ஒரே தாவு தாவி சாமைச் சோத்துப் பக்கம் போனாரு. மூணு பேர் வுழுந்து புடிச்சுட்டு வந்தாங்க.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. எல்லாரும் வானத்தைப் பாத்தோம். ஒரு துண்டு மேகம் இல்ல. கொழந்தையை இடுப்புல வச்சிருந்த ஒரு பொண்ணு ரொம்ப நேரம் மேலயே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்ப மட்டும் எனக்குச் சிரிப்பு வரல.

ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தினாங்க. சொன்ன சொல்லு தவறாத ஜனங்க. சாயங்காலம் காலேஜுக்கு வந்து சேர்ந்தேன். சார் துணியை ஓரமா வெலக்கி எட்டிப் பாத்தாரு. மிச்சம் அத்தனையும் தூக்கம்!

"சபாஷ்! காலையில முதல் வேலை உன் ஆர்டர்தான்" ன்னு முதுகுல தட்டினாரு. கையெல்லாம் சந்தனம் ஒட்டினதுக்கு மட்டும் ஒரு மாதிரியா பாத்தாரு.

வூட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடிச்சிருப்பேன், இடி!

வேலூர்ல! கோடையில! ஊரே கொளுத்திக்கிட்டு இருந்த நேரத்துல அப்படி ஒரு மழை. தெருவே எறங்கி ஆடுச்சு. நானும் ஆடினேன். ஆடிக்கிட்டே இருக்கறப்பத்தான் லேப் ஓட்டுக்கூரை ஒழுகுமேன்னு ஞாபகம் வந்தது.

ஓடினேன். எனக்கு முன்னால சார் குடையோட நின்னுக்கிட்டிருந்தாரு. பானை நெறைய தண்ணி. தவளை மேஜை மேல, அலமாரி மேல, சாரோட நாற்காலியில. எல்லாம் சேர்ந்து கத்தின கத்துல எங்க பேச்சே எங்களுக்குக் கேக்கல.

"நீ மலையில என்னடா பண்ணின?" ன்னு கத்தினாரு.

பயத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன். கைக்குட்டை வரைக்கும். சார் அமைதியாக் கேட்டுக்கிட்டு, ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "மடையா, தவளையில பொண்ணுதான் பெருசு."

ஆர்டர் நின்னு போச்சு. ஒரு வாரம் கழிச்சு, வேற தவளை புடிச்சுக்கிட்டு வான்னு மறுபடியும் என்னையே மலைக்கு அனுப்பினாரு. ஜீப்பு அந்த ஊர்கிட்ட வர்றப்ப சீட்டுக்கு அடியில குனிஞ்சுக்கிட்டேன். முனியம்மா நேரா வந்து ஜீப்பை மறிச்சு, குனிஞ்சு பாத்தாங்க.

"இன்னா சம்பந்தி, நியாயமா இது? கல்யாணச் செலவு எங்களுது, மழைய மட்டும் மாப்பிள்ள வூட்டுக்கு ஓட்டினு போய்ட்டியே!"

சார் சொன்ன கணக்குப்படி நான்தான் பொண்ணு வூடுன்னு சொல்லி வாதாடியிருக்கலாம். சொன்னா தாலி மாறிப் போச்சுன்னு மறுபடியும் பந்தல் போடுவாங்க. சீட்டுக்கு அடியில இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டேன்.

நல்லவேளை, அந்த வாரமே மலையிலயும் நல்ல மழை. அதை மறுவூட்டுச் சீர்னு கணக்குல வச்சுக்கிட்டு என்னை மன்னிச்சு விட்டுட்டாங்க. தவளைங்க எல்லாம் முழிச்சுக்கிட்டதால சாருக்கு அந்த வருசம் ஆராய்ச்சி இல்ல. ரிட்டயர் ஆகி, நிம்மதியா தூங்கப் போயிட்டாரு.

காலேஜ்ல நான் கடைசி வரைக்கும் தற்காலிகம்தான். மலையில மட்டும் பர்மனன்ட் சம்பந்தி.