அக்கா தலையாட்டுகிறாள், கட்டு!

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் அதை நாலு பேருக்குக் காட்டாமல் சோறு இறங்காது. வெறுமனே காட்டினாலும் பரவாயில்லை, யாருக்கும் தேவைப்படாத இடத்தில் கொண்டுபோய் நுழைத்து, "பாத்தீங்களா!" என்று நிற்பேன். என் அக்கா வீட்டுக்காரர் சொல்வார்: "நம்ம மாப்ளைக்கு வாய் கார்ல முன்னாடி போயிரும். ஆளு பின்னாடி டவுன் பஸ்ல வருவாப்ல."

இருபது வருஷமாகக் கோவை கணபதியில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். படித்துக் கற்றதில்லை, பிரித்துப் பார்த்துக் கற்றது. அப்படிப்பட்டவன் நாற்பது வயதில் ஒரு கேம் கருவி வாங்கினேன். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், இரு கையாலும் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் விளையாடுமே, அது. எனக்கு விளையாட வராது (முதல் நாள் ஓட்டிய கார் பந்தயத்தில் என் கார் மட்டும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது). ஆனால் அதற்குள் வேறொரு வித்தை இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கும் படம், பாட்டு, பழைய கேசட்டிலிருந்து மாற்றி வைத்த குடும்பக் கல்யாணங்கள் எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டரே இணையம் வழியாக அனுப்பும். நாம் எந்த ஊரில் இருந்தாலும் கருவியைத் திறந்து பார்க்கலாம். இணையத்தில் வருவதையும் அதே வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, வீட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதை ஒரு மாதம் உட்கார்ந்து, வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றேன். என் மனைவி சுமதி, "பட்டறைலயும் ஒயரு, ஊட்லயும் ஒயரு. உங்களக் கட்டுனதுக்கு ஒரு ஸ்பூல் கம்பியக் கட்டிருக்கலாமுங்க" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாருக்குக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் சோமனூரில் என் அக்கா கலாமணி, தறிக்கூடத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டாள். முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. இன்னொரு பக்கம் ஈரோட்டில் நடக்கவிருந்த எங்கள் தம்பி பிரபுவின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் போய்க் கருவியை அக்கா கையில் கொடுத்தேன். அவளிடம் இருந்தது பட்டன் போன். ஆனால் தறிக்கூடத்துக்குக் கேமரா மாட்டியதால் வீட்டில் இணையம் இருந்தது. என் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அவளுடைய சொந்தக் கல்யாணமே அந்தத் திரையில் ஓடியபோது அக்கா எழுந்து நடக்காத குறை.

"அட சாமி! உங்க மாமனுக்கு இத்தன முடி இருந்துச்சா?"

அன்று முதல் சோமனூரில் எனக்கு விஞ்ஞானி மரியாதை. கருவிக்கு 'டப்பா' என்று பெயர். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் தினமும் சாயங்காலம் டப்பா பார்க்க வந்துவிடுவார். அங்கேதான் எனக்குத் தலை கனத்தது.

பிரபு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அவனுக்கு இரண்டு வயதில் எங்கள் அம்மா போய்விட்டார். வளர்த்ததெல்லாம் அக்காதான். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் 'தாயார் பெயர்' என்ற இடத்தில் கலாமணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் கூறைப்புடவையோடு அவன் பக்கத்தில் அமர்ந்து செய்யும் சீர். கூடப் பிறந்தவள் இல்லாதவன் சித்தப்பா, பெரியப்பா மகளைத் தேடிப் பிடித்தாவது அதைச் செய்வான். பிரபு பிறந்ததிலிருந்து அந்த இடம் அக்காவுக்கென்று எழுதி வைத்தது.

அக்கா வந்திருக்கலாம். இதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் உறுத்தும் இடம். கால் ஆடாமல் கூட்டிப் போனால் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா ஒரு வேனைப் பேசி, பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட ஏற்பாடு செய்துவிட்டார். சீர் நடத்தி வைக்கும் அருமைக்காரரும், "அம்மணி சேர்ல உக்காந்தே செய்யட்டும், ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லியிருந்தார். எல்லாரும் சரி என்று சொன்ன ஒரு காரியத்தில், நான் மட்டும் வாயைத் திறந்தேன்.

"எதுக்குக்கா சிரமம்? ஈரோடு வரைக்கும் ரோடு என்ன கெதில கெடக்குதுன்னு தெரியுமா? கால் மறுபடி பெசகிப் போச்சுன்னா? நீ இங்கயே ராசாத்தியாட்டம் படுத்திரு. நான் போன்ல புடிக்கறேன். அது என்ற ஊட்டுக் கம்ப்யூட்டருக்குப் போயி, அங்கிருந்து டப்பாவுக்கு வந்துரும். மணவறைல உக்காந்திருக்கறவங்களுக்குக்கூட அத்தன கிட்டத்துல தெரியாது."

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார்.

"நெசமாலுமே வந்துருமா கண்ணு?"

"அதுக்கு நான் கேரண்டிக்கா."

அவள் காலைப் பற்றிய கவலை எனக்குக் கால்வாசி இருந்திருக்கும். மீதி முக்காலும் டப்பாவைப் பற்றியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ஊர் முழுக்கப் பார்க்கும்படி போட்டால் கண் பட்டுப்போகும் என்று அப்பா சொன்னதால், நேரலையைப் பொதுவில் போடவில்லை. என் போனிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு மட்டும், அங்கிருந்து டப்பாவுக்கு மட்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ஒத்திகை பார்த்தேன். என் வீட்டு ஹாலைப் போனில் பிடித்துக் காட்டி முடித்ததும், சோமனூரிலிருந்து அக்கா கூப்பிட்டு, "சூப்பரா தெரியுதுடா. உன்ற ஊட்டுச் செவுத்துல பெயின்ட் உரியுது, சுமதிகிட்ட சொல்லு" என்றாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

மத்தியானம் எல்லோரும் ஈரோட்டு மண்டபத்துக்குக் கிளம்பினோம். வீட்டைப் பூட்டுவது எப்போதும் என் வேலை. கேஸை மூடினேன். குழாய்களை இறுக்கினேன். பின் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அப்புறம் மீட்டர் பெட்டியைத் திறந்து மெயினை அணைத்தேன். ஆளில்லாத வீட்டில் கரண்ட் இருக்கக் கூடாது என்பது என் தொழில் எனக்குக் கொடுத்த புத்தி. ஓடாத விசிறி, ஆளில்லாத வீட்டு ஃப்ரிட்ஜ் எல்லாம் எரிந்து என் பட்டறைக்கு வந்து படுத்ததைப் பார்த்தவன் நான். கையைத் துடைத்துக்கொண்டு, "இனி பத்து நாள் ஆனாலும் பயமில்ல" என்று சுமதியிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். நல்ல சன்னல் சீட்டு வேறு.

மறுநாள் காலை மணவறைக்கு முன்னால், எல்லோருக்கும் முன்னால், நான். கையில் போன். இடையில் யாராவது கூப்பிட்டால் நேரலை அறுந்துவிடும் என்று எந்த அழைப்பும் வராதபடி அதை ஊமையாக்கி வைத்திருந்தேன். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. அது, படம் பிடிக்கிறேன் என்று மட்டுமே சொல்லும், போய்ச் சேர்ந்தது என்று சொல்லாது. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

இணைச்சீருக்கு அக்கா இடத்தில் சித்தப்பா மகள் மல்லிகா உட்கார்ந்தாள். நான் வர்ணனையை ஆரம்பித்தேன். "அக்கா, இது மல்லிகா. உனக்குப் பதிலா உக்காந்திருக்கா. கூறைப்புடவை தெரியுதா? மாம்பழக் கலர். சித்தெ இரு, கிட்டப் போறேன்." கல்யாண வீடியோ எடுக்க வந்த பையன் பின்னாலிருந்து, "அண்ணா, சித்தெ தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்று மூன்று தடவை சொன்னான். "தம்பி, நீ எடுக்கறது நாளைக்கு. நான் எடுக்கறது இப்ப" என்றேன் (இந்த வசனத்தை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா?). பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "எல்லாரும் கலாமணியக்காவுக்குக் கை காட்டுங்க!" என்றேன். வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும், பந்தியில் பரிமாறப் போனவர்கள் உட்பட, என் போனைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கும்பிடவே செய்தார்.

முகூர்த்த நேரம் வந்தது. அருமைக்காரர் தாலியை எடுத்துப் பிரபுவின் கையில் கொடுத்தார். அவன் வாங்கினான். வாங்கியவன் பெண் பக்கம் திரும்பாமல் என் பக்கம் திரும்பினான். தாலிக்கொடியைப் பிடித்த கையோடே போனைக் கும்பிட்டு, "அக்கா, கட்டட்டுமா?" என்றான்.

கொட்டிக்கொண்டிருந்த மேளம்கூடச் சற்றுத் தணிந்த மாதிரி இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் போனில் அக்கா தெரிய மாட்டாள். படம் இங்கிருந்து அங்கே போகுமே தவிர அங்கிருந்து இங்கே வராது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் விஞ்ஞானி அப்படியெல்லாம் சொல்வானா?

"அக்கா தலையாட்டுதுடா, கட்டு!" என்றேன்.

கட்டினான்.

பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகுதான் போனின் ஊமையை நீக்கினேன். இருபத்து மூன்று தவறிய அழைப்புகள், எல்லாம் அக்கா எண்ணிலிருந்து. பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது ஸ்டெல்லா டீச்சர்.

"தம்பி, முகூர்த்தம் தள்ளிப் போச்சுங்களா? இன்னும் ஆரம்பிக்கலையே? டப்பால காலைலிருந்து ஒரு வட்டம் மட்டும் சுத்திட்டே இருக்குது. அம்மணி விடிகாலைல எந்திரிச்சு, என்னைய விட்டுத் தலை சீவச் சொல்லி, பட்டுப்பொடவையச் சுத்திட்டு அப்படியே உக்காந்திருக்குது. கட்டில்ல சாயக்கூட மாட்டீங்குது. மாமாவுக்கும் போட்டுப் பாத்தோம், எடுக்கலைங்க."

மாமா போனை வேனிலேயே வைத்துவிட்டு வாசலில் ஒறம்பரையை வரவேற்றுக்கொண்டிருந்தார். என் இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றினார்கள்.

"முடிஞ்சுதுங்க டீச்சர்," என்றேன். "நாங்க... சாப்பிட்டுட்டு இருக்கறோம்."

அந்தப் பக்கம் டீச்சர் அக்காவிடம் சொல்வது கேட்டது. பிறகு போன் கை மாறியது.

"டேய், பிரபு சாப்பிட்டானா?" என்றாள் அக்கா. "காலைல வெறும் வயித்துல இருந்திருப்பான். முதல்ல அவன உக்கார வையி." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

பக்கத்து இலையில் இருந்த சுமதி என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். நெட்வொர்க் சரியில்லை, ஈரோட்டில் டவர் சரியில்லை, வெயில் காலத்தில் இப்படித்தான் ஆகும் என்று வரிசையாக அடுக்கினேன். அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "ஏனுங்க, நேத்து மெயினை அணைச்சுட்டுத்தான வந்தீங்க? அந்தக் கம்ப்யூட்டரு அப்பறம் எதுலைங்க ஓடுது?" என்றாள்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கரண்ட் இல்லாமல் எதுவும் ஓடாது என்பதை நாள்தோறும் ஊருக்குச் சொல்லிச் சம்பாதிக்கிறவன்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையையும் பெண்ணையும் காரில் சோமனூருக்குக் கூட்டிப் போனோம். நான் காரிலிருந்து இறங்கவில்லை, வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன் (வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?). வெளியே வந்த பிரபு கண்ணாடியைத் தட்டி ஒன்றே ஒன்று கேட்டான்.

"அக்கா தலையாட்டுச்சுன்னு சொன்னியேண்ணா?"

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. நான் எடுத்தது போனிலும் இல்லை. இடத்தை அடைக்கும் என்று போனில் பதிவாவதையும் நானே நிறுத்தி வைத்திருந்தேன்.

மாவுக்கட்டுப் பிரித்து அக்கா நடக்க ஆரம்பித்த பிறகுதான் கல்யாண வீடியோ வந்தது. சோமனூர் வீட்டு டிவியில் போட்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். பொன்னூஞ்சல் மாதிரி எழுத்துகள் ஆடி, பூ விழுந்து, தாலி கட்டும் இடம் வந்தது. திரை முழுக்க ஒரு நீலச் சட்டை. என் முதுகு. பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. என் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்த முக்கோணத்தில் பிரபுவின் முகம் பாதி தெரிந்தது. அவன் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "அக்கா, கட்டட்டுமா?" அதைவிடத் தெளிவாக என் குரல்.

அந்தப் பொய்யைப் பற்றி அதுவரை அக்காவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் மாமாதான் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் இதுதான் நடப்பு. பட்டறையில் நான் "மோட்டார் நாளைக்கு ரெடி" என்றால், போனில் மாமா, "அக்கா தலையாட்டிருச்சா மாப்ள?" என்பார். கிரைண்டர் சரியாகிவிட்டது என்றால் சுமதி கேட்பாள். பிரபுவின் மகள் இப்போது பேச ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் நானும் சிரிக்கிறேன்.

ஆனால் அன்று டிவி முன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா ரிமோட்டை வாங்கி அந்த இடத்தைப் பின்னால் நகர்த்தினாள். திரும்ப ஓடவிட்டாள். முன்னால் சாய்ந்து, என் முழங்கைச் சந்துக்குள் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிரபு கேட்டான். என் குரல் வருவதற்குள், யாரும் கவனிக்காத மாதிரி, அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.