எடைக்கு வாங்காத போட்டோக்கள்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எந்தப் பழைய போட்டோவைக் காட்டினாலும் யார் வீட்டு ஆள் என்று சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் 'பேரீச்சம்பழம்'தான். அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் கொஞ்சம் தடுமாறுவார்.

பித்தளை, இரும்பு, பேப்பர் எது போட்டாலும் பதிலுக்குப் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுக்கிற சைக்கிள் வியாபாரி. சின்னசேலம் முதல் கல்வராயன் மலையடிவாரம் வரை அவர் நுழையாத வீடு கிடையாது. சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். வாடகை வீட்டைக் காலி செய்ய நான் சேலத்திலிருந்து வந்திருந்தேன். அண்டா குண்டாவெல்லாம் போட்டாயிற்று. மிச்சம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய போட்டோ. முக்கால்வாசி எனக்குத் தெரியாத முகங்கள்.

"பிரேம், கண்ணாடி, அட்டை எல்லாத்தையும் சேர்த்து எடைக்குப் போட்டுக்கங்கண்ணே" என்றேன்.

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா தம்பி, ஆளுங்கள எடைக்குப் போடச் சொல்றீங்க? அட்டைய வாங்குவேன், ஆள வாங்க மாட்டேன்."

"அப்ப கொளுத்திடவா?"

"ஐயய்யோ! மொதல்ல யார் யாருன்னு பாப்போம், உக்காருங்க."

உட்காரத்தான் வேண்டியிருந்தது. போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். எனக்கு பஸ் இல்லை, அவர் சைக்கிளுக்கு வழியில்லை. மூன்று நாள்! நான் சோறு வடிக்க, அவர் என் சொந்தக்காரர்களை எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். "இவரு வடக்கனந்தல் மாமா. துருப்புடிச்ச ஆணியக்கூட தடவிப் பாத்துட்டுத்தான் போடுவாரு." செத்துப்போனவர் என்று அவர் முடிவு கட்டிய படங்களுக்கெல்லாம் கண்ணாடி துடைத்து, குங்குமப் பொட்டு வைத்துச் சுவரோரம் சாத்தினார்.

இரண்டாம் நாள் கரையான் அரித்த கல்யாண குரூப் போட்டோ ஒன்று வந்தது. அதை நான் அடுப்புப் பக்கம் வீசினேன். பாய்ந்து எடுத்தார்.

"தம்பி, பின்வரிசையில தலப்பா கட்டினவரு தோளுக்குப் பின்னால பாருங்க. ஒங்க அம்மா."

படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். முகமே தெரியாத ஒருத்திக்காக இருபத்தைந்து வருஷம் ஏங்கியிருந்தேன். இந்த மனுஷரை எப்படி நம்புவது?

மூன்றாம் நாள் வழி திறந்ததும் திருக்கோவிலூரிலிருந்து பெரியப்பா வந்தார். வந்ததும் வராததுமாகச் சுவரோரம் இருந்த தன் இருபது வயதுப் படத்தைப் பார்த்துவிட்டார். நெற்றியில் பொட்டு, மேலே ஒரு செம்பருத்தி.

"எவன்டா எனக்குப் பொட்டு வச்சது? நான் இன்னும் மூணு வேளையும் துன்னுக்கினுதான்டா கீறேன்!"

பேரீச்சம்பழம் தோள்துண்டால் அவசரமாகத் துடைத்தார். "மன்னிச்சிக்கங்க. ரொம்ப நாளா ஒங்கள கண்ல காணல, அதான்..."

பெரியப்பா கையை ஓங்கினார். நான் குறுக்கே குரூப் போட்டோவை நீட்டினேன். ஓங்கிய கை தானாக இறங்கியது. "ஒங்கம்மாடா" என்றார்.

ஒரு கண்ணும் பாதிக் கன்னமும்தான் தெரிந்தன. மீதியைத் தலைப்பாகைக்காரர் தோள் மறைத்திருந்தது. "அந்தப் பக்கம் எப்படி இருக்கும்ண்ணே?" என்று பேரீச்சம்பழத்திடம் கேட்டேன்.

"சிரிச்சா குழி வுழும் தம்பி. ஒங்கள இடுப்புல வச்சிக்கினு வருவாங்க. மொத பழத்துல கொட்டைய எடுத்துட்டு, ஒங்க வாயில வச்சிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாங்க."

மற்ற படங்களைப் பெரியப்பா கொண்டுபோனார். அந்த ஒன்று மட்டும் என் மேஜைமேல் இருக்கிறது. மறைந்த பாதியைப் பேரீச்சம்பழம் சொன்னபடியேதான் இன்றும் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவை நினைத்தால் அந்த மனுஷரும் கூடவே வந்து நிற்கிறார்.