அப்பாவின் பிரியாவிடைப் பாட்டும் நான் போட்ட மெட்டும்

பெற்ற தகப்பனை உயிரோடு வைத்துக்கொண்டு அவருக்குச் சாவு ஊர்வலம் நடத்திய மகள் எங்கள் வில்லியனூர் வட்டாரத்தில் நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகச் சொல்கிறாயா, வெட்கப்பட்டுச் சொல்கிறாயா என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் கொஞ்ச காலம் வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது முழுக்கப் பெருமை.

அப்பா சவரிமுத்து கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் குமாஸ்தா. (பிரெஞ்சுக்காரன் கப்பலேறி எவ்வளவோ காலமான பிறகும் ஊர்ப் பெரியவர்கள் அந்த ஆபீஸைப் பிரெஞ்சில் ‘மேரி’ என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்பாவும் ‘மேரி ஐயா’ ஆகிவிட்டார்.) பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்வது அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வேறு ஆள். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். பாகூர் ஏரி மதகுக்குள் நுழைந்து போனால் ஒரு மாய உலகம். அங்கே நீலவேலன் என்று ஒரு படகோட்டி, அவனுக்குத் துணையாக ஒரு பேசும் கொக்கு, ஏரிக்கடியில் கண்ணாடி மாளிகை கட்டிக்கொண்டு எல்லோரையும் ஆட்டிவைக்கும் ஒரு சூனியக்காரி. நான் பாவாடை கட்டிய காலத்தில் பேச ஆரம்பித்த அந்தக் கொக்கு, நான் தாவணியைத் தாண்டிச் சேலைக்கு வந்த பிறகும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

இவ்வளவு எழுதியவரிடம் ஊரில் ஒருவர்கூட அந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வருவார்கள், சர்ட்டிபிகேட் கேட்பார்கள், கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். அப்பா எதையும் வெளியே காட்டிக்கொள்ளாத மனுஷன். ஒருநாள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“நம்ம பக்கத்து ஏரியப் பத்தி எழுதறேன். நம்ம பக்கத்துல ஒருத்தனும் படிக்கல. போதும் லூர்து, நிறுத்திக்கலாம்.”

“நிறுத்துனா நிறுத்துங்க. ரசம் ஊத்தட்டா?” என்றாள் அம்மா. ஆனால் ஊற்றும்போது அவள் முகம் சரியாக இல்லை.

சொன்னபடியே நிறுத்தினார். கடைசியாக அனுப்பியது கதை அல்ல, ஒரு கவிதை. நீலவேலன் வாசகர்களிடம் விடைபெற்றுக்கொண்டு படகேறுவதாக எழுதியிருந்தார். அதன் முதல் நான்கு வரி இது:

கட்டவிழ்த்தேன் படகைக் கரையே, போய் வரவா?
பட்டணமும் பாதையுமாய்ப் பார்த்ததெல்லாம் போதும்.
விட்டுவந்த வேலையெல்லாம் வேறொருவர் முடிப்பார்.
எட்டநின்ற தீவெனக்கு விளக்கேற்றிக் காக்கும்.

பத்திரிகையில் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தக் கவிதைக்கு மெட்டுப் போட்டு, ஊரைக் கூட்டி, அப்பாவுக்கு ஒரு பாராட்டு விழா நடத்த வேண்டும். தன் எழுத்தை ஊரே பாடுவதை அவர் ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் மறுபடி பேனாவைத் தொடுவார். எழுதாத அப்பாவை எனக்குப் பழக்கமில்லை. சாயங்காலத்தில் சட்டையை மாட்டிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் ஆணியையே பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்குச் சங்கீதம் எவ்வளவு தெரியும் என்று கேட்கிறீர்களா? மாதா கோயிலில் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பேன். நடுவில் ஒரு கட்டை அமுங்கி எழாமல் போனாலும் நிறுத்தாமல் வாசிப்பேன். அதைத்தான் ஊர் திறமை என்றது, நானும் நம்பினேன். என் கைக்குப் பழகிய உருக்கமான மெட்டெல்லாம் தவக்காலத்து மெட்டு. ஆகவே அப்பாவின் படகோட்டி பெரிய வெள்ளிக்கிழமைச் சாயலில் விடைபெறத் தொடங்கினான். எனக்கோ அது உலக இசை வரலாற்றிலேயே ஒரு திருப்பம் என்று நினைப்பு.

வெறும் ஆர்மோனியம் போதாது என்று பேண்டு செட் ராயப்பன் மாமாவையும் பிடித்தேன். கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே பேசத் தெரிந்தவர். பாட்டை ஒருமுறை கேட்டார், தலையாட்டினார், டிரம்காரரிடம் கையால் ஏதோ காட்டினார். டம்... டம்... என்று பசுமாடு நடப்பது மாதிரி ஓர் அடி விழுந்தது.

“மாமா, இது விழாப் பாட்டு. கொஞ்சம் வேகமா அடிக்கலாமே?”

“எங்கிட்ட ரெண்டு நடதாம்மா கீது. ஒண்ணு கல்யாணத்துக்கு. இந்தப் பாட்டு கல்யாண நடைக்கு ஒத்து வர்ல. அதான் இன்னொண்ணப் போட்டேன்.”

அந்த இன்னொன்று எதற்கு வாசிப்பது என்று எனக்குத் தெரியாதா? குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்ததுதானே. ஆனால் இசையமைப்பாளருக்குத் தன் பாட்டைத் தவிர வேறெதுவும் காதில் விழாது.

வில்லியனூரில் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர், “ஓரத்துல கறுப்பு பார்டர் வைக்கட்டுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். எடுப்பாக இருக்கும் என்றால் வையுங்கள் என்றேன். வைத்தார். அதற்கு நானே பூக்கடையில் நின்று நல்ல கனமான மாலையாக வாங்கிப் போட்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். நான் செய்த பெரிய கூத்து வேறு. எங்கள் ஊர் வேதக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் என்றால் பேண்டு வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும். கோயிலிலிருந்து புறப்பட்டு ஒரு வீட்டை நோக்கி வந்தால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான், பிணத்தைக் கொண்டுபோக. நானோ அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டுமே என்று ஆர்மோனியம், டிராக்டர், படம், பேண்டு எல்லாவற்றையும் கோயிலில் சேர்த்துவைத்து, அங்கிருந்து வீட்டுக்குப் போய் அவரை அழைத்துவருவதாகத் திட்டம் போட்டிருந்தேன். சாமியார் கடலூர் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார். விழாவைப் பற்றி அம்மாவுக்கும் பாடகர் குழுவுக்கும் பேண்டுக்கும் தவிர யாருக்கும் மூச்சு விடவில்லை. ஊர்வலத்தைப் பார்த்தால் ஊர் தானாகத் திரளும் என்பது என் கணக்கு.

கணக்கு பொய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிராக்டர் பெட்டியில் ஆர்மோனியத்தோடு நான், எனக்கு முன்னால் மாலை போட்ட அப்பா, அவருக்கு முன்னால் பேண்டு. டம்... டம்... என்று புறப்பட்டோம். பேண்டு கோயில் வாசலைத் தாண்டியதும் கோயில்பிள்ளை பழக்கதோஷத்தில் ஓடிப்போய்த் துக்க மணியை இழுத்தார். (யார் என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.) என் பாட்டுக்கு மணியோசை எவ்வளவு பொருத்தம் என்று நான் வியந்தேன்.

பெருமாள் டீக்கடையில் படத்தைப் பார்த்ததும் கிளாஸ்கள் கீழே வைக்கப்பட்டன. பெருமாள் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பலகையைப் போட்டு மூடினார். விழாவுக்காகக் கடையை மூடுகிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று எனக்குக் கண் கலங்கியது. நடவு வயலிலிருந்து செங்கேணியும் மற்ற பெண்களும் சேற்றுக் காலோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் முந்தானையை வாயில் வைத்து அழுதார்கள். நாலு வரிகூட முடியவில்லை, அதற்குள் இப்படி உருக்கிவிட்டேனே என்று ஆர்மோனியத்தின் துருத்தியை இன்னும் பலமாக இழுத்தேன்.

ஒரு அக்கா டிராக்டரோடு நடந்தபடியே என் முழங்காலைத் தொட்டாள். “தகிரியமா இருடி மினா. நீ வாசிக்கிறதப் பாத்தா எனக்கு நெஞ்சே வெடிக்குது.”

“ரொம்ப நன்றிக்கா,” என்று சிரித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னும் பெரிதாக அழுதாள்.

அப்புறம் கூட்டம் எங்களைத் தாண்டி வீட்டை நோக்கி ஓடியது. முன்வரிசையில் இடம் பிடிக்கத்தான் ஓடுகிறார்கள் என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா விழாவுக்கு வரும் கூட்டத்துக்காக வடை சுட்டுக்கொண்டிருந்தாள். முதலில் உள்ளே பாய்ந்தது பக்கத்துத் தெரு எலிசபெத்து அத்தை, அப்பாவின் தங்கை.

“அடிப் பாவி! எங்கண்ணன் போய்ச் சேந்துட்டாரு, நீ வட சுடுறியா?”

“எங்க போனாரு? கொல்லையில தூங்கறாரு,” என்றாள் அம்மா, கரண்டியைக் கீழே வைக்காமல்.

“ஐயோ, புத்தி பேதலிச்சிடுச்சே இவளுக்கு!”

கொல்லையில் முருங்கை மரத்தடியில் கயிற்றுக்கட்டில். ஈத் தொல்லைக்கு வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அப்பா நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். அத்தை அவர் காலில் விழுந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பின்னால் நின்ற பெருமாள், “யாரு செத்தாலும் இவருகிட்டதான் போய்ப் பதிவோம். இவருக்கு யாருகிட்டப் போறது?” என்று குரல் உடைந்து கேட்டார். செங்கேணி எழுந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

“கட்டவுத்தப் படகுல கண்ணு மூடிப் போனீயே,
மதகுக்குள்ள மாயமெல்லாம் யாரு வந்து காட்டுவாங்க?
கொக்குக்குப் பேச்சு குடுத்த எங்க ராசாவே,
எங்களுக்குப் பேச்சில்லாமப் பண்ணிப்புட்டுப் போனீயே!”

டிராக்டர் அப்போதுதான் வாசலுக்கு வந்தது. இது நான் போட்ட மெட்டு இல்லையே என்று இறங்கி ஓடினேன். உள்ளே பார்த்ததும் எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மாலை போட்ட படத்தை எங்கே ஒளிப்பது என்றுகூடத் தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் ஓங்கி அழுதது.

செங்கேணிக்கு வேகம் ஏறிவிட்டது. சூனியக்காரி இனி யாருக்கு அடங்குவாள் என்று கேட்டாள். கண்ணாடி மாளிகையில் விளக்கணைந்ததே என்றாள். கடைசியில், “கூட வந்த கொக்கும் குளிருல செத்துச்சே!” என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

வேட்டி அசைந்தது. அப்பா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“கொக்கு சாகலம்மா! அது கரையிலதான நிக்குது!”

பாதிக் கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. டிரம்காரர் டிரம்மோடு வேலியில் விழுந்தார். பெருமாளை எருக்குழியிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அத்தை மட்டும் பிடித்த காலை விடவில்லை. “இன்னாண்ணே, நீ சாவலியா?” என்று கோபமாகக் கேட்டாள்.

“இல்ல. நீ வந்து விழுந்தப்பவே முழிச்சுட்டேன். கேக்க நல்லா இருந்துது, அதான் கலைக்கல,” என்றார் அப்பா. பிறகு கூட்டத்தைப் பார்த்து, “மதகு, மாளிகை எல்லாம் உங்களுக்கு எப்டித் தெரியும்?” என்றார்.

எருவைத் துடைத்துக்கொண்டே பெருமாள்தான் முன்னால் வந்தார். “மாசாமாசம் பொஸ்தவம் வந்ததும் கடையில சத்தமாப் படிப்போம் ஐயா. நடவுலயும் அந்தப் பேச்சுதான் ஓடும். போன தபா வந்த பாட்ட என் பொண்ணு மனப்பாடமாவே சொல்லுது.”

“அப்போ ஏன்யா எங்கிட்ட ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லல?”

“மூஞ்சிக்கு நேரா எப்டிச் சொல்றதுங்க? கூச்சமா இருக்காது? செத்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம்.”

அப்பா சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தை அந்த வேட்டியாலேயே துடைத்துக்கொண்டார். பிறகு என்னையும் என் கையிலிருந்த படத்தையும் கறுப்பு பார்டரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மெட்டு யாரு போட்டது?”

“நான்தாம்பா.” பூமி பிளந்தால் உள்ளே போகத் தயாராக இருந்தேன்.

“முழுசாப் பாடு. செத்தவன் கேட்டுக்கினு இருக்கேன்.”

பாடினேன். பாடகர் குழு பாடியது, ராயப்பன் மாமா வாசித்தார், செங்கேணி நடுவில் தன் வரிகளைச் செருகினாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்பா கேட்டார். அழுதவர்கள் எல்லோரும் வடை சாப்பிட்டார்கள். மடுகரையிலிருந்து சேதி கேட்டுப் பிணத்துக்குப் போர்த்தக் கோடி வேட்டியோடு வந்த சித்தப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்த வேட்டியை அப்பா தீபாவளி மாதிரி சந்தோஷமாகக் கட்டிக்கொண்டார்.

பாட்டும் அதோடு ஓயவில்லை. ராயப்பன் மாமா அதைக் கல்யாண நடைக்கு எப்படியோ வளைத்துப் பெண்ணை அனுப்பிவைக்கும்போது வாசிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் பிள்ளைகள் பிரியும்போது பாடினார்கள். நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு நாடகக்காரர் அதை ராஜா காட்டுக்குப் போகும் காட்சியில் பாடி ‘ஒன்ஸ்மோர்’ வாங்கினாராம். எங்கே கேட்டாலும் அம்மா பக்கத்திலிருப்பவரிடம், “எங்க வூட்டுப் பாட்டு,” என்று சொல்லாமல் விடமாட்டாள்.

எனக்கு வேண்டியதும் நடந்தது. மறுநாள் ஆபீஸ் விட்டு வந்த அப்பா சட்டையை ஆணியில் மாட்டினார், நேராகப் போய் மேசையில் உட்கார்ந்தார். “அவ்ளோ பேரு அழுதுட்டுப் போயிருக்காங்க. சும்மா இருந்தா மரியாதையா இருக்காது,” என்றார். நீலவேலன் மறுபடி கரைக்கு வந்தான். வாசலில் யாராவது சத்தமாகப் பேசினால் அம்மா உதட்டில் விரலை வைத்து, “மெல்லப் பேசுங்க, செத்தவரு எழுதறாரு,” என்பாள். அவர் நிஜமாகவே போகும்வரை அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

இதை எழுத நான் உட்கார்ந்தபோது கூடத்தில் பேரப்பிள்ளைகள் ஒரே கூச்சல். என் மகள் அதட்டுவது கேட்டது.

“ஷ்... சத்தம் போடாதீங்கடா. செத்தவரு பொண்ணு எழுதறாங்க.”