பிழை நீக்கப்பட்ட ஆறு

உலகத்தில் ஆறுகள் எப்படி எப்படியோ ஓடுகின்றன. பள்ளத்தைப் பார்த்து ஓடுகின்றன, மழை வந்தால் கரையை மீறி ஓடுகின்றன. விதிமுறைப்படி ஓடுகிற ஆறு ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை 'நதிநீர் இணக்கக் கண்காணிப்பு அலுவலக'த்தைச் சேரும். அதிலும் பாதிப் பெருமை இரண்டாம் மாடியில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சரிபார்ப்பு அதிகாரியைச் சேரும். ஜன்னல் வழியே ஆறு தெரியும். ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஆற்றைச் சரிபார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று நாற்காலியை அவளே திருப்பிப் போட்டிருந்தாள்.

அவளுடைய வேலை எளிமையானது, ஆகவே மகத்தானது. ஆற்றில் ஒன்பது இடங்களில் மாதம் ஒருமுறை தண்ணீர் எடுப்பார்கள். அதில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று ஆய்வகக்காரர் அளந்து தாளில் எழுதி அனுப்புவார். முப்பது வரை இருக்கலாம். அந்தத் தாளில் உள்ள பிழைகளைச் சிவப்புக் கோடு போட்டு நீக்கி அவள் கையெழுத்துப் போட்டால் அது 'உண்மை' ஆகிவிடும்.

எது பிழை? பதினான்காம் விதி அதில் யாருக்கும் சந்தேகம் வைக்கவில்லை. வரம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வரும் எந்த அளவும் கருவிக் கோளாறாகத்தான் இருக்க முடியும், நீக்குக. எவ்வளவு பெருந்தன்மை! ஒருவன் ஆற்றில் இரண்டு மடங்கு கழிவு விடுவான், நம்பலாம். மூன்று மடங்கு விடுவான், அதையும் நம்பலாம். முப்பது மடங்கு விடுவானா? மனித குலத்தைப் பற்றி அவ்வளவு கேவலமாக நினைக்க அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் சலவைக்கடைக்காரர் நோட்டீசும் கையுமாகப் படியேறி வந்தார்.

"மேடம், என் கடைப்பக்கம் நாப்பத்தெட்டு வந்திருக்காம். கடையை மூடச் சொல்றாங்க."

"வரம்பு முப்பதுங்க."

"எனக்குக் கீழ ஒரு சாயத் தொழிற்சாலை இருக்கே. அங்க ஆறே கறுப்பா போகுது. அவங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"அவங்களோட அளவு பிழைங்க. நீக்கியாச்சு."

அவர் நோட்டீசை மடித்துப் பையில் வைத்தார். "அப்ப நானும் இன்னும் கொஞ்சம் தாராளமா விட்டேன்னா..."

"அந்த மாதிரி ஆலோசனை எல்லாம் நாங்க சொல்லக் கூடாதுங்க."

கடை மூடப்பட்டது. சாயத் தொழிற்சாலையின் வரவேற்பறையில் 'முன்மாதிரி நிறுவனம்' என்ற சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. பதினொன்று. அவள் வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருடம்.

ஒன்பதாவது இடம் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டி, அவளுடைய அக்கா குடியிருக்கும் தெருவின் பின்னால் இருந்தது. தெருக் குழாயில் வருவதும் அதே தண்ணீர்தான். அக்கா ஒரு காலை, கையில் மனுவோடும் மகளோடும் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"சோப்பை மாத்தச் சொன்ன, மாத்தினேன். டாக்டரை மாத்தச் சொன்ன, மாத்தினேன். இனிமே மாத்தறதுக்கு இவ தோல்தான்டி பாக்கி இருக்கு."

அக்கா மகள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

"பென்சில் பிடிச்சா எரியுது சித்தி. பரீட்சை எழுத முடியல."

"மனுவை வாங்கிக்கோ. தங்கச்சியா வேண்டாம், அதிகாரியாவே வாங்கிக்கோ" என்றாள் அக்கா.

அதிகாரியாகவே வாங்கி முத்திரை குத்தினாள். அன்று மத்தியானம் ஆய்வகத் தாள் வந்தது. ஒன்பதாம் இடம்: தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அளவுகோலை வைத்தாள், சிவப்புப் பேனாவை எடுத்தாள். பேனா நகரவில்லை. ஆய்வகக்காரருக்குப் போன் செய்தாள்.

"கருவி சரியா இருக்கா?"

"புதுசு மேடம். பழசும் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு?"

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுதான்."

"இதை ஏன் இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

"மாசாமாசம் எழுதி அனுப்பினேனே மேடம்!"

அவள் கோடு போடாமல் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநருக்கு அலுவலகத்தில் 'சராசரியார்' என்று பெயர். கட்டடம் தீப்பற்றினாலும் சராசரி வெப்பம் என்ன என்றுதான் கேட்பார் என்பார்கள். தங்கமான மனிதர், குரல் உயர்த்திப் பேசியதே இல்லை.

"ஏம்மா, அது உங்க அக்கா வீட்டுப் பக்கம்னு கேள்விப்பட்டேன். கொஞ்சம் உணர்ச்சி கலந்துடுச்சோ?"

"கலந்தது சாயம் சார்."

"இந்த எண் நின்னா தொழிற்சாலையோட கழிவுக் குழாயை அடைக்கணும். தெரியுமில்ல?"

"அடைக்கணும்னுதான் சார்."

"சரி, அந்த எண்ணைக் கோடு போட்டு அடிங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். நேர்மையை மதிக்கிற அலுவலகம் இது. ஒரு சின்னப் படிவம் மட்டும் நிரப்பிக் குடுத்துடுங்க."

பதினான்காம் விதியிலிருந்து விலக்குக் கேட்கும் படிவம் அது. அதில் ஒரே ஒரு கேள்வி: 'இதே இடத்தில் இதுபோன்ற அளவுகள் முன்பு பிழை என நீக்கப்பட்டனவா? ஆம் எனில், அவை பிழையா, இது பிழையா?'

பழைய கோப்புகளை எடுத்து எண்ணினாள். ஒன்பதாம் இடத்தில் மட்டும் நூற்றுப் பதினேழு சிவப்புக் கோடுகள். ஒன்றுகூடக் கோணல் இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவளுடைய சுருக்கொப்பம். மீதிப் பதினைந்து மாதங்களில் தொழிற்சாலை பராமரிப்புக்காக மூடியிருந்தது. அப்போதெல்லாம் ஆறு இருபதைத் தாண்டவில்லை. அதையும் அவளே சரிபார்த்திருந்தாள்.

தனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியும் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத் தான் எவ்வளவு உழைத்திருக்கிறோம் என்பதுதான் அவளுக்கு அப்போது தெரிந்தது. சம்பளத்துக்குச் செய்த வேலையைவிட அதைத்தான் ஒருநாள் விடாமல் செய்திருக்கிறாள். 'இது பிழை' என்று எழுதினால் குழந்தையின் கை. 'அவை பிழையில்லை' என்று எழுதினால் தன் கை. இரண்டையும் ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தாள். கடைசியில் எழுதினாள்: 'கருவியில் கோளாறு இல்லை. நூற்றுப் பதினேழு அளவுகளும் சரியானவை. பிழை செய்தது நான்.'

சராசரியார் அதை இரண்டு முறை படித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த அலுவலகத்துல ஒரு பிழையோட மூலத்தை இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிச்சதில்லைம்மா!"

அரசாங்கம் மெதுவாக வேலை செய்யும் என்று குறை சொல்பவர்கள் கவனிக்கவும்: நான்கே நாளில் ஆணை வந்தது. 'பிழை செய்வது தாமே எனச் சரிபார்ப்பு அதிகாரி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார். ஆகவே அவர் கடைசியாகக் கையெழுத்திட்ட தொள்ளாயிரத்துப் பன்னிரண்டும் பிழையே. அது நீக்கப்படுகிறது. அவரும்.'

அக்காவின் மனுவுக்குப் பதிலும் தபாலில் போனது. அந்த நேரத்தில் அவள் அக்கா வீட்டுச் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தாள். போக வேறு அலுவலகம் இல்லை. அக்கா கடிதத்தை உரக்கப் படித்தாள்.

"'தங்கள் மனுமீது உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆற்றில் இருந்த குறை கண்டறியப்பட்டு முழுமையாக அகற்றப்பட்டது.' அடேங்கப்பா! எதைடி அகற்றினாங்க?"

"என்னை."

அக்கா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அப்ப தண்ணி?"

"தண்ணியைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லைக்கா."

அலுவலகத்தைக் குறை சொல்வதற்கில்லை. அத்தனை ஆண்டுகள் இரவு பகலாகக் கண்காணித்து, அந்த ஆற்றிலிருந்து ஒரே ஒரு கழிவைக் கையும் களவுமாகப் பிடித்து வெளியேற்றியிருக்கிறது. அதுவும் அந்தக் கழிவே தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்ததால்.