மாவு மில்லை நிறுத்தச் சொன்ன வோல்டேஜ்

தர்மபுரிக்கு மின்சாரம் வருவதே தன் டேப் டெக்குக்காகத்தான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் வோல்டேஜ். எண்பதுகளில் பென்னாகரம் ரோட்டில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருக்கக்கூடும்.

காலி கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால் பதிந்து தருவார். ஆனால் பதிவு என்பது அவருக்கு யாகம். முதலில் ஃபேன் நிற்கும். அடுத்து டியூப்லைட் அணையும். வேர்த்து ஊற்றிக்கொண்டு இருட்டில் நிற்கும்போது கட்டளை வரும்: "வாட்சைக் கழட்டுங்க."

"இது சாவி குடுக்கற வாட்சுங்க. கரண்டுல ஓடறதில்ல."

"எதுவும் ஓடக் கூடாதுங்க. டெக்கு மட்டுந்தான் ஓடணும்."

பக்கத்து மாவு மில் ஓடினால் கரண்டு ஏறி இறங்கும், பாட்டு குடிகாரனைப் போலத் தள்ளாடும். அது உண்மைதான். அதற்காக ஒரு மனிதர் தினமும் போய் மில்லை நிறுத்தச் சொல்வாரா? இவர் சொல்வார். மில்கார அம்மாள் ராகித் தூசியோடு வாசலுக்கு வந்து கத்துவார்: "நீ பாட்டு புடிக்க, ஊரு சனம் களி இல்லாம கெடக்கணுமா? போய்யா அந்தாண்ட!" மறுநாளும் போவார். மானம் மரியாதை எல்லாவற்றையும் டெக்குக்குத் தாரை வார்த்துவிட்ட ஆசாமி.

துபாயிலிருந்த என் மச்சான், கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார். அவர் போனபோது அக்கா வயிற்றிலிருந்த பிள்ளை, அப்பன் குரலை அதில்தான் கேட்டு வளர்ந்தது. ஒருநாள் எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் அந்த நாடாவைக் கடித்துக் குதறிவிட்டது. அக்கா சோறு தொடவில்லை. வேறு கதியில்லாமல் அந்தக் கிறுக்கரிடமே போனோம்.

நைந்த இடத்தை பிளேடால் வெட்டி, மிச்சத்தை ஒட்டினார். புதுக் கேசட்டில் பதிய வேண்டும், மில்லோ ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போனார். அன்று என்ன சொன்னாரோ, மில் நின்றது. அந்த அம்மாளே மாவுக் கையோடு கடை வாசலில் வந்து நின்று கேட்டார். மச்சான் குரல் துளி ஆடாமல் வந்தது: "பாப்பா நல்லா இருக்குதா?" அக்கா உடைந்து அழுதாள்.

கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே விரல் நீளத்துக்கு நாடா.

"வெட்டுன துண்டுங்க அக்கா. இனிமே ஓடாது. ஆனா அதுலயும் அவரு என்னமோ பேசியிருக்காருங்களே. குப்பையில போட மனசு வரல."

அதற்குப் பிறகும் அவரை நான் கிண்டல் செய்ததுண்டு. வேறு எவனையும் செய்ய விட்டதில்லை.